பதினோரு பெட்டியில் மூன்றுதான் கிடைத்தது: எங்கே தப்பு செய்தோம்?

ரீடிங்வாசி (ஏப்ரல் 27)

வணக்கம். நேற்று முதல் தடவையாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு முழு நாள் ஜியோகேச்சிங் போய் வந்தோம். யாரோ ஒளித்து வைத்த பெட்டியை, அவர் இணையத்தில் போட்ட ஜிபிஎஸ் எண்ணை வைத்துத் தேடிப் பிடிக்கிற விளையாட்டு இது. இங்கிலாந்தில் ஹென்லி ஊருக்கு மேற்கே, சில்டர்ன்ஸ் குன்றுகளில், ஒரு கிராமத்துத் தேவாலயத்தில் தொடங்கி காடு, வயல், மறுபடி காடு என்று சுற்றி அதே தேவாலயத்தில் வந்து முடிகிற பாதை. ஏழு கிலோமீட்டர். வழி நெடுகப் பத்துப் பெட்டி. பதினோராவது மட்டும் கணக்கு: தேவாலய வாசலில் இருக்கும் போர் நினைவுத் தூணில் பெயர்களை எண்ணி, ஆண்டுகளைக் கூட்டிக் கழித்தால் பெட்டி இருக்கும் இடத்தின் எண் வரும்.

மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஆறு. முதல் பெட்டி பத்தே நிமிடத்தில் கிடைத்தது. கூரை போட்ட தேவாலய வாசலுக்குப் பின்னால், ஐவி கொடிக்குள் ஒரு பழைய ஃபிலிம் டப்பா. சின்னவள் அதைத் திறந்து, உள்ளே சுருட்டியிருந்த தாளில் தன் பெயரை எழுதியபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதற்கப்புறம்தான் சறுக்கல். காட்டுக்குள் போனதும் போனில் திசை காட்டும் முள் இங்கே அங்கே என்று துள்ளிக்கொண்டே இருந்தது. நாலு மீட்டர் என்று காட்டும், இரண்டடி வைத்தால் பதினேழு மீட்டர் என்று காட்டும். மகன் ஒரு குச்சியை எடுத்து மண்ணைக் கிளறவே தொடங்கிவிட்டான். ஒரு பீச் (beech) மரத்தடியில் மட்டும் நாற்பது நிமிடம் போயிற்று.

கடைசிக் கணக்கை நானும் மகளும் சேர்ந்து போட்டோம். வட 51° 32.500 என்று வந்தது. தூணில் பெயர்களை இரண்டு முறை எண்ணினோம், தப்பே இல்லை. ஆனால் போன் எங்களை ஒரு கோதுமை வயலின் நட்டநடுவில் கொண்டுபோய் நிறுத்தியது. சுற்றிலும் ஒரு மரம்கூட இல்லை. மகன் காருக்குத் திரும்பும் வரை பேசவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எட்டாவது பெட்டி ஒரு பிளாஸ்டிக் டப்பா. மூடி உடைந்து உள்ளே தண்ணீர் தேங்கி, தாளெல்லாம் கூழாகியிருந்தது. குப்பையாகக் காட்டில் கிடக்க வேண்டாமே என்று பையில் போட்டு எடுத்து வந்துவிட்டேன். இப்போது அது எங்கள் சமையலறை ஜன்னலில் காய்கிறது. செய்தது சரியா என்று மனசு உறுத்துகிறது.

மே மாத வங்கி விடுமுறை திங்களன்று அஃபிங்டனில், சரிவில் பெரிய வெள்ளைக் குதிரை உருவம் வெட்டியிருக்கும் மலைப்பக்கம் போகலாம் என்று இருக்கிறோம். இந்தத் தடவை பிள்ளைகள் ஏமாறக் கூடாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வேலிப்படி (ஏப்ரல் 27)

தங்கச்சி, உங்கள் கணக்கு சரி. எண்ணைப் போனில் போட்ட விதத்தில்தான் பிசகு. 51° 32.500 என்றால் 51 பாகை, முப்பத்திரண்டரை நிமிடம். அதாவது 32 நிமிடம் 30 விநாடி. நீங்கள் அதை 32 நிமிடம் 50 விநாடி என்று போட்டிருப்பீர்கள். விநாடி ஒன்றுக்கு வடக்கு தெற்காக 31 மீட்டர் வரும். இருபது விநாடி பிசகினால் அறுநூறு மீட்டருக்கு மேல் வடக்கே போய்விடுவீர்கள். வரைபடத்தை எடுத்து அந்த வயலிலிருந்து தெற்கே அறுநூறு மீட்டர் அளந்து பாருங்கள். தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே எங்காவது வந்து நிற்கும். இந்த விளையாட்டில் எப்போதும் நிமிடத்தைத்தான் தசமத்தில் எழுதுவார்கள், விநாடியே வராது. பெண்ணிடம் சொல்லிவிடுங்கள், அவள் எண்ணியது அத்தனையும் சரி என்று.

இனி காட்டுக்குள் முள் துள்ளின விஷயம். நான் ஸ்விண்டனில் இருக்கிறேன். ஒன்பது வருஷமாக இதைச் செய்கிறேன். முதல் ஆறு வருஷம் மகளோடு, அவள் படிக்கப் போன பிறகு தனியாக. 1,412 பெட்டி எடுத்திருக்கிறேன். எடுக்க முடியாமல் திரும்பியதும் இருநூறுக்கு மேல் இருக்கும். இவ்வளவுக்கும் பிறகு ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: போன் உங்களைப் பத்து மீட்டர் வரைதான் கொண்டுபோகும். மீதிக்குக் கண்தான்.

இந்த விளையாட்டே அப்படித்தான் பிறந்தது. 2000 மே தொடக்கம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அதை நிறுத்திய இரண்டாம் நாள், மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு கறுப்பு வாளியை ஒளித்து வைத்து, இடத்தின் எண்ணை இணையத்தில் போட்டார். நூறு மீட்டர் பிழையோடு யாராலும் ஒரு வாளியைத் தேட முடியாது. ஐந்து பத்து மீட்டர் என்றால் தேடலாம். அந்த ஐந்து பத்து மீட்டர்தான் விளையாட்டு. சில்டர்ன்ஸ் பீச் காட்டில் சரிவும் அடிமரங்களும் சமிக்ஞையைத் திருப்பித் திருப்பி அடிக்கும், அதனால் பிழை இன்னும் கூடும். பெட்டியை வைத்தவரும் அதே மரத்தடியில் நின்றுதான் எண் எடுத்திருப்பார். அவருடைய பிழையும் சேர்ந்துகொள்ளும்.

நான் செய்வது இது. இருபது மீட்டர் என்று காட்டும்போது நின்று, போனைத் தட்டையாகப் பிடித்துக்கொண்டு ஒரே நேர்கோட்டில், ஒரே வேகத்தில் நடப்பேன். நின்றால் முள் அலையும், நடந்தால் ஓரளவு நிலைக்கும். தூரம் எங்கே மிகக் குறைவாகக் காட்டியதோ அங்கே ஒரு குச்சியைப் போடுவேன். அப்புறம் வேறு திசையிலிருந்து இன்னொரு முறை. இரண்டு கோடும் வெட்டும் இடத்தைப் பார்த்துக்கொண்டு போனைப் பைக்குள் போட்டுவிடுவேன். திரும்ப எடுக்கவே மாட்டேன்.

சின்ன வயதில் தென்காசியில் நாங்கள் கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் விளையாடுவோம். நீளமாக மணல் குவித்து, விரலை ஓட்டிக்கொண்டே உள்ளே ஒரு துரும்பை ஒளித்து வைப்பான் எதிராளி. என் அக்கா ஒருநாளும் தோற்றதில்லை. அவள் எதிராளியின் முகத்தைப் பார்க்க மாட்டாள், மணலைத்தான் பார்ப்பாள். எங்கே மணல் இரண்டாவது முறை கலைந்திருக்கிறதோ அங்கே கையைப் பொத்துவாள். பெட்டி தேடுவதும் அதுதான். காட்டில் கிளைகள் தாமாக விழுந்தால் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். ஒரே நீளத்தில் நாலு குச்சி ஒன்றை ஒன்று ஒட்டிப் படுத்திருந்தால் அது கை பட்ட இடம். வேரிடுக்கில் ஒரு தட்டைக் கல் பாசி இல்லாமல் இருந்தால் அதையும் தூக்கிப் பாருங்கள். மகனிடம் “பெட்டியைத் தேடாதே, வித்தியாசமாக இருப்பதைத் தேடு” என்று சொல்லுங்கள். ஒன்பது வயதுப் பையன் நம்மைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வான்.

மண்ணைக் கிளற மட்டும் விடாதீர்கள். பெட்டியைப் புதைக்கக் கூடாது என்பது இதில் அடிப்படை விதி, அதனால் தோண்டத் தேவையே வராது. அதோடு இது ப்ளூபெல் என்கிற நீலக் காட்டுப்பூ பூக்கும் காலம். அதன் இலை மிதிபட்டு நசுங்கினால் அந்த ஆண்டு கிழங்குக்கு உணவு சேராது, காடு பழையபடி நீலமாக வருஷக்கணக்கில் ஆகும். ஒரு மரத்தைச் சுற்றி நாலு பேர் நாற்பது நிமிடம் நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நான் ஒரு பெட்டிக்குப் பதினைந்து நிமிடம் வைத்துக்கொள்வேன். கிடைக்காவிட்டால் கிளம்பிவிடுவேன்.

கிளம்பினால் அதையும் பெட்டியின் இணையப் பக்கத்தில் பதிவு செய்ய வேண்டும். ‘தேடினேன், கிடைக்கவில்லை’ என்று எழுதுவது தோல்வி என்று பலர் எழுதுவதே இல்லை. வைத்தவருக்கு வேறு எப்படித் தெரியும், பெட்டி காணாமல் போனது? போவதற்கு முந்தின இரவு ஒவ்வொரு பெட்டியின் கடைசி நாலைந்து பதிவுகளைப் படியுங்கள். வரிசையாக மூன்று பேர் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தால் பிள்ளைகளை அங்கே நிறுத்த வேண்டாம். உங்களுக்குக் கிடைக்காத எட்டில் இரண்டு மூன்று அங்கே இல்லாமலேகூட இருந்திருக்கலாம்.

ஜன்னலில் காயும் டப்பா: நல்ல மனசோடுதான் எடுத்தீர்கள், ஆனால் எடுத்திருக்கக் கூடாது. அது ஒருவருடைய உடைமை. கூழான தாளில்கூடப் பத்து வருஷக் கையெழுத்து இருக்கலாம். அந்தப் பெட்டியின் இணையப் பக்கத்திலிருந்தே வைத்தவருக்குச் செய்தி அனுப்பலாம். நடந்ததை அப்படியே இன்றைக்கே எழுதிவிடுங்கள். அடுத்த முறை உடைந்த பெட்டியைப் பார்த்தால், இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வைத்தவர் கவனிக்க வேண்டும் என்று பதிவு போட்டால் போதும்.

இனி வெள்ளைக் குதிரை. நல்ல தேர்வு, எனக்கு வீட்டு வாசல் மாதிரி. நேஷனல் டிரஸ்ட் கார் நிறுத்தத்தில் தொடங்கி, மேலே ஏறி, இரும்புக் காலக் கோட்டையின் மண்மேட்டைச் சுற்றி, ரிட்ஜ்வே பாதையைப் பிடித்து மேற்கே போனால் இரண்டரை கிலோமீட்டருக்குள் வேலண்ட்ஸ் ஸ்மித்தி வரும். ஐயாயிரம் வருஷத்துக்கு மேல் பழைய கல்லறை மேடு. சுற்றி பீச் மரங்கள், முன்னால் ஆளுயரத்தைத் தாண்டிய கற்கள். குதிரைக்கு லாடம் கழன்றால் இங்கே குதிரையையும் ஒரு காசையும் விட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும்போது கண்ணுக்குத் தெரியாத கொல்லன் லாடம் அடித்து வைத்திருப்பான் என்று கதை. அங்கேயே உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடுங்கள். அப்புறம் வடக்கே வயல்வழியாக இறங்கி, மலையடிவாரத்து வூல்ஸ்டன் கிராமம் வழியாகத் திரும்பலாம். இறங்கும்போதும் ஏறும்போதும் பி4507 சாலையைக் கடக்க வேண்டும். அங்கே கார்கள் வேகமாக வரும், சின்னவள் கையை விடாதீர்கள்.

கோட்டையிலோ கல்லறையிலோ ஒரு கல்லைக்கூட நகர்த்தித் தேட வேண்டாம். பாதுகாக்கப்பட்ட இடங்களில் பெட்டி ஒளிக்கக் கூடாது. பெட்டியே இல்லாத வகை ஒன்று உண்டு: இடத்தைப் பார்த்து நாலு கேள்விக்குப் பதில் அனுப்புவது. அதைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பெட்டிகள் ரிட்ஜ்வே ஓரத்து வேலிகளிலும் கீழே வயல்வெளிகளிலும்தான் இருக்கும்.

மகனுக்கு ஒரு சேதி. அந்தக் குதிரை 110 மீட்டர் நீளம், சுண்ணாம்பில் வெட்டியது, மூவாயிரம் வருஷமாக அங்கே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானங்கள் அதை அடையாளமாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்று புல்கட்டிகளால் மூடி ஒளித்து வைத்தார்கள். அத்தனை பெரிய பொருளை ஒளித்து, மறுபடி வெளியே எடுத்த மலை அது.

பேனா கட்டாயம், சின்ன டப்பாக்களில் பேனா இருக்காது. முனை மெல்லிய இடுக்கி ஒன்று, சுருட்டிய தாளை வெளியே இழுக்க. தோட்டக் கையுறை, ஏனென்றால் வேலியோரத்து நெட்டில் செடி நம்ம ஊர் செந்தட்டிக்குக் கொஞ்சமும் குறையாது. போனுக்குப் பவர் பேங்க். ஆர்டனன்ஸ் சர்வே எக்ஸ்ப்ளோரர் 170 வரைபடம் கிடைத்தால் எடுத்துப் போங்கள். அதில் பச்சை நிறத்தில் விட்டு விட்டுப் போகும் கோடெல்லாம் நடக்க உரிமையுள்ள பாதை, விளைநிலத்தின் நடுவே போனாலும் தயங்காமல் நடக்கலாம்.

சரேக்காரன் (ஏப்ரல் 28)

வேலிப்படி அண்ணை சொன்ன எல்லாவற்றுக்கும் ஆமாம். மாட்டைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

மே மாதம் கன்றோடு நிற்கிற பசுக்கள் வயலில் இருக்கும். ஊரில் மாட்டோடு வளர்ந்தவர்கள் நாங்கள், பயமில்லை என்று நினைத்துத்தான் நானும் நேராக நடந்தேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு லட்சுமிக்கு என்னைத் தெரியும். இங்கே நூறு மாட்டில் ஒன்றுக்கும் என்னைத் தெரியாது. பசுவுக்கும் கன்றுக்கும் நடுவில் ஒருநாளும் போகாதீர்கள். வேலியோரமாகச் சுற்றி, ஓடாமல், சத்தம் போடாமல் நடவுங்கள். நாய் கூட்டிப் போனால், மாடு துரத்தும்போது நாயை அவிழ்த்து விட்டுவிடுங்கள், அது தப்பிக்கொள்ளும். கேட் திறந்து கிடந்தால் திறந்தபடி விடுங்கள், மூடியிருந்தால் மூடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் முழங்காலுக்குப் பின்பக்கம், அக்குள், தலைமுடியின் ஓரம் எல்லாம் வடிவாகப் பாருங்கள், உண்ணி இருக்கும். இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து மெதுவாக நேரே இழுக்க வேண்டும். பிறகு வரும் வாரங்களில் அந்த இடத்தில் சிவப்பு வட்டம் பரவினால் டாக்டரிடம் காட்டுங்கள், லைம் நோயாக இருக்கலாம்.

பிள்ளைகளுக்கு இது பிடித்துவிட்டால் ஒரு கோடையில் டார்ட்மோருக்குக் கூட்டிப் போங்கள். 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் பூல் என்கிற சதுப்பு இடத்தில் ஒரு போத்தலை வைத்து, அங்கே வரை நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர்ச்சீட்டைப் போட்டுவிட்டுப் போகச் சொன்னார். ஜியோகேச்சிங் பிறப்பதற்கு ஏறக்குறைய நூற்றைம்பது வருஷம் முன்னால். இன்றைக்கும் அந்தப் புல்வெளி முழுக்க அப்படிப் பெட்டிகள், உள்ளே ஒரு ரப்பர் முத்திரையோடு, இருக்கின்றன. நான் போனபோது ஒன்று எடுக்க முழு நாள் பிடித்தது. காலெல்லாம் நனைந்து, அந்த முத்திரையை நோட்டில் குத்தியபோது வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

ரீடிங்வாசி (ஏப்ரல் 28)

இரண்டு பேருக்கும் நன்றி. வரைபடத்தில் அளந்து பார்த்தேன். அண்ணா சொன்னபடியே தெற்கே அறுநூறு மீட்டர் வந்தால் தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு பாதைச் சந்திப்பு! நாங்கள் கார் நிறுத்திய இடத்திலிருந்து இருநூறு அடிகூட இருக்காது. மகளிடம் சொன்னேன், “நான் எண்ணினது சரி” என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

டப்பாவின் சொந்தக்காரருக்கு நேற்று இரவே எழுதிவிட்டேன். காலையில் பதில் வந்தது. கோபமே இல்லை. பழைய தாளைக் காயவைத்துப் பிரிக்க முடியுமா என்று மட்டும் கேட்டார், முதல் பக்கத்தில் தன் அப்பாவின் கையெழுத்து இருக்கும் என்று. ஹேர் டிரையரைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, இரண்டு மணி நேரமாக ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். முதல் பக்கம் பாதி வந்துவிட்டது.

வேலிப்படி (ஏப்ரல் 28)

ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்துத் தூரத்தில் பிடியுங்கள். ஒட்டினால் இழுக்காதீர்கள், ஒரு சமையலறைத் தாளை மேலே வைத்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். அந்த முதல் பக்கம் முழுசாகப் பிரிந்து வந்தால் எனக்கும் சொல்லுங்கள், தங்கச்சி.

ரீடிங்வாசி (மே மாத விடுமுறைக்கு மறுநாள்)

போய் வந்தோம். ஒன்பது தேடினோம், ஏழு கிடைத்தது. கிடைக்காத இரண்டையும் பதிவு செய்துவிட்டேன்.

காலையில் மேலே காற்று ஆளைத் தள்ளியது. குதிரையின் மேல் நின்றால் குதிரையே தெரியவில்லை, ஒரு வெள்ளைக் கோடுதான் வளைந்து கீழே போகிறது. போரில் மூடி வைத்த கதையைச் சொன்னதும் மகன் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். புல்கட்டி எத்தனை வேண்டியிருக்கும் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டான்.

வேலண்ட்ஸ் ஸ்மித்தியில் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும். அங்கே எதையும் தொடவில்லை அண்ணா. கீழே வயலில் கன்றோடு பசுக்கள் நின்றன. வேலியோரமாகவே சுற்றினோம், கால் மணி நேரம் கூடுதல் ஆயிற்று, பரவாயில்லை. இரவு மகனின் முழங்காலுக்குப் பின்னால் ஒரு உண்ணி இருந்தது. கடுகளவுதான். சரேக்கார அண்ணா சொல்லியிருக்காவிட்டால் பார்த்தே இருக்க மாட்டேன்.

ஆறாவது பெட்டிதான் எல்லோருக்கும் பிடித்தது. இரும்பு கேட் ஒன்று. இரண்டு திசையிலிருந்தும் நடந்து பார்த்துப் போனைப் பைக்குள் போட்டுவிட்டோம். மகன் கம்பத்தின் அடியில் தேடினான், அவன் அப்பா வேலிக்குப் பின்னால் தேடினார். சின்னவள் கேட்டின் முன்னால் குந்தி உட்கார்ந்து போல்ட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து போல்ட். நாலிலும் துரு ஏறி, விளிம்பில் சிலந்தி வலை. ஐந்தாவதில் வலை இல்லை. “அம்மா, இது குளிச்சிருக்கு” என்றாள். விரலால் தள்ளினாள், கையோடு வந்துவிட்டது. காந்தம். பின்பக்கம் சுண்டுவிரல் நகமளவு குழியில் தாள் சுருண்டிருந்தது. இடுக்கியால் இழுத்து, மடியில் வைத்துப் பிரித்து, நாலு எழுத்துப் பெயரை எழுத அவளுக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. காற்றில் தாள் பறக்காமல் அண்ணன்காரன்தான் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டான்.

அந்தப் பழைய தாளும் காய்ந்துவிட்டது. அப்பாவின் கையெழுத்து முழுசாக வந்திருக்கிறது, தேதிதான் அழிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் புதுப் பெட்டி வைக்க ஹென்லிப் பக்கம் வருகிறார், எங்களையும் வரச் சொன்னார். அப்படியே அந்தப் பதினோராவதையும் எடுத்துவிடலாம் என்று இருக்கிறோம். வேலிப்படி அண்ணா, பத்து மணிக்குத் தேவாலய வாசலில் இருப்போம்.